காஞ்சியின் இரவும் கொழும்பின் குரலும்

காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலின் விமானத்தைச் சுற்றி ஓடும் கிரந்தக் கல்வெட்டு ஒன்று, இராசசிம்ம பல்லவனின் புகழ்பாடும் சமஸ்கிருதச் செய்யுட்களால் ஆனது. அவற்றுள் ஒரு செய்யுள் விசித்திரமானது. துஷ்யந்தன் முதலானோர் வானிலிருந்து வந்த உடலற்ற குரலைக் கேட்டது கிருத யுகத்தில். இந்தக் கலியுகத்திலும் ஸ்ரீபரன் அக்குரலைக் கேட்டானே என்று அது வியக்கிறது. ஸ்ரீபரன் என்பது இராசசிம்மனின் விருதுப் பெயர்களுள் ஒன்று. திருநின்றவூர்ப் பூசலார் மனத்துக்குள்ளேயே கட்டிய கோயிலை இறைவன் பல்லவனுக்குக் கனவில் அறிவித்தார் என்று சேக்கிழார் கூறும் வரலாற்றோடு இச்செய்யுளை இணைத்துப் பார்க்கும் ஆய்வாளர்களும் உண்டு. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் அரசனுக்குக் கிட்டிய அந்த அசரீரி, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழிகளில் கால்களை இறக்கி அமர்ந்திருந்தவர்களுக்கும் கிட்டிற்று. நாம் இங்கே எழுத எடுத்துக்கொண்டது அந்த இரண்டாவது அசரீரியைப் பற்றி.

இரவில் வானொலிப் பெட்டியின் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தித் தொலைதூர நிலையங்களைப் பிடிப்பது உலகெங்கும் ஒரு பொழுதுபோக்காக இருந்தது. அமெரிக்கர்கள் அதற்கு டி.எக்ஸ். என்று பெயரிட்டார்கள், தந்திக்காரர்களின் குறியீட்டில் தூரம் என்று பொருள். 1920களில் சிகாகோ நகரத்து நிலையங்கள் திங்கட்கிழமை இரவுகளில் தாமாகவே வாய்மூடிக் கிடந்தன. உள்ளூர்ச் சத்தம் ஓய்ந்தால்தான் நேயர்கள் தொலைவூர்களைப் பிடிக்க முடியும் என்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு. வணிகர்கள் நேயருக்காக மௌனம் காத்த காலம் ஒன்று இருந்தது என்பதை இன்று நம்புவது கடினம். காஞ்சிபுரத்தில் இந்தப் பழக்கத்துக்குத் தனிப்பெயர் ஏதும் இல்லை. 'சிலோன் எடுக்குதா?' என்பார்கள். பால் கறக்கிறதா என்று கேட்பதைப் போன்ற கேள்வி அது.

சிலோன் நன்றாகவே எடுத்தது. அதற்குப் பூகோளமும் ஒரு காரணம். நிலப்படத்தில் காஞ்சிபுரத்தின் மேல் அளவுகோலை வைத்து நேர் தெற்கே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். காஞ்சியின் நெடுங்கோடு ஏறத்தாழ 79.7 பாகை, கொழும்பினுடையது 79.9. புதுச்சேரி, காரைக்கால், நாகப்பட்டினம், வேதாரண்யம், பாக் நீரிணை, மன்னார், புத்தளம், சிலாபம், கொழும்பு என அத்தனையும் அந்தக் கோட்டை ஒட்டியே கிடக்கின்றன. மொத்தத் தூரம் சுமார் 650 கிலோமீட்டர். ஒரே நெடுங்கோட்டில் இருப்பதால் இரு ஊர்களிலும் சில நிமிட வேறுபாட்டில் இருட்டுகிறது. மணிமேகலையைத் தெய்வம் வான்வழியே மணிபல்லவத் தீவுக்குத் தூக்கிச் சென்றதையும், அவள் கடைசியில் அமுதசுரபியோடு காஞ்சிக்கு வந்து சேர்ந்ததையும் அறிந்த வாசகர்களுக்கு, தீவிலிருந்து இவ்வூருக்கு ஒரு வான்வழி இருப்பது புதுச் செய்தியாக இராது.

ஏன் இரவில் மட்டும்? 1902 பிப்ரவரியில் 'பிலடெல்பியா' என்ற கப்பலில் பயணம் செய்த மார்க்கோனி, பகலில் சுமார் 700 மைலோடு நின்றுபோகும் சமிக்ஞை இரவில் 2000 மைலுக்கு அப்பாலும் கேட்பதைக் கண்டு திகைத்தார். அதே ஆண்டில் கென்னலி, ஹெவிசைடு என்ற இருவர், ஒருவரையொருவர் கலந்துகொள்ளாமலே, மேல்வானத்தில் மின்னூட்டம் பெற்ற ஓர் அடுக்கு இருந்தாக வேண்டும் என்று ஊகித்தனர். 1924இல் ஆப்பிள்டன் அதைச் சோதனையால் மெய்ப்பித்தார். அப்பணிக்காக 1947இல் நோபல் பரிசு பெற்றார். பகல் வெயிலில் இந்த மண்டலத்தின் கீழ்ப்பகுதியில் உருவாகும் டி அடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடுகிறது. கதிரவன் மறைந்த சற்று நேரத்தில் அந்த அடுக்கு கரைந்துபோகிறது. பின்னர் அலை தடையின்றி மேலேறி, அதற்கும் மேலுள்ள அடுக்கில் பட்டு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித் தரையிறங்குகிறது. அந்த அடுக்கு அசைவற்ற கண்ணாடி அன்று. ஆகவேதான் குரல் பொங்கி வரும், தேயும், முற்றும் மறைந்து மீண்டும் எழும். பாட்டின் பல்லவி கேட்டுச் சரணம் கேளாமற் போன இரவுகள் எங்களுக்கு எத்தனையோ.

வானொலியின் வரலாற்றில் சென்னை பின்தங்கியிருக்கவில்லை. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் 1924 மே மாதம் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றி, ஜூலை 31இல் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. அதன் கருவியின் ஆற்றல் 40 வாட். இன்றைய ஒரு குண்டு பல்பு அளவு. பணமுடையால் 1927இல் அது நின்றது. 1930 ஏப்ரலில் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், மறு ஆண்டு மே 16இல் திருச்சி நிலையமும் வந்தன. கொழும்பில் எட்வர்டு ஹார்ப்பர் என்ற தந்தித்துறைப் பொறியாளர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் உதிரிகளைக் கொண்டு ஒலிபரப்பிச் சோதித்து, 1925 டிசம்பர் 16இல் முறையான நிலையத்தைத் தொடங்கச் செய்தார். இதுவரை இரு கரைகளும் ஏறக்குறைய ஒரே நிலை.

தராசைச் சாய்த்தது போர். இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியப் படைத்தலைமை தன் வீரர்களுக்காகக் கொழும்புக்கு அருகே ஏக்கலையில் 100 கிலோவாட் சிற்றலைப் பரப்பி ஒன்றை நிறுவியது. போர் முடிந்து 1949இல் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. ஒரு சிறு தீவுக்கு அவ்வளவு பெரிய தொண்டை எதற்கு? அதற்கு விடைபோல 1950 செப்டம்பர் 30இல் வர்த்தக சேவை பிறந்தது. ஆஸ்திரேலியரான கிளிஃபோர்டு டாட் அதை வளர்த்தார். இரண்டு ஆண்டுகளில் புது டில்லியே அதற்குப் பேருதவி செய்தது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் திரைப்பாடலைத் தாழ்வாகக் கருதியவர்; அகில இந்திய வானொலியில் அதற்குரிய இடம் சுருங்கிற்று. நாட்டு மக்கள் முள்ளைத் தெற்கே திருப்பினார்கள். 1957 அக்டோபர் 3இல் விவித் பாரதி தொடங்கியபோது ஐந்தாண்டுகள் ஓடிவிட்டன. முள் தெற்கிலேயே பழகிவிட்டிருந்தது. கேஸ்கர் மீது நமக்கு முழு வெறுப்பு இல்லை. கர்நாடக, இந்துஸ்தானி இசைக்கு அவர் காலத்து வானொலி செய்த தொண்டு பெரிது. ஆயினும் எங்கள் தெருவில் எவரும் அவர் பெயரை நன்றியோடு உச்சரித்ததில்லை.

மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகிய பெயர்கள் காஞ்சிபுரத்தில் கோயில் நிர்வாக அதிகாரியின் பெயரைவிட நன்கு அறியப்பட்டவை. காலையில் 'பொங்கும் பூம்புனல்', இரவில் 'இரவின் மடியில்', இடையே கோபால் பல்பொடி. 'பாட்டுக்குப் பாட்டு' வரும் நேரத்தில் அச்சுப்பலகைகளின் ஓசை தெரு முழுவதும் மட்டுப்படும்.

இங்கே தறியைப் பற்றிச் சற்று விளக்கியாக வேண்டும். காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதனால் மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். நெய்பவர் இரண்டைக் கவனித்துக்கொள்வார். மறுகோடியில் இருக்கும் கரைக்கு இன்னொரு கை தேவை. அந்தக் கை பெரும்பாலும் ஒரு சிறுவனுடையது. அவ்வீட்டுப் பிள்ளையாகவோ, முன்பணம் வாங்கிய வேறொரு வீட்டின் பிள்ளையாகவோ இருப்பான். பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடும் ஐந்தாம் வகுப்போடும் முடித்துக்கொண்டவன். தீபாவளிக்கும் தை மாத முகூர்த்தங்களுக்கும் முன்னால் வேலை இரவிலும் நடக்கும். பெரியவரின் இரு கைகளும் இரு கால்களும் தறிக்கு உரியவை. ஆகவே வானொலியின் முள் அந்தச் சிறுவனின் பொறுப்பில் இருந்தது.

அவன் கற்றுக்கொண்டவை பல. சுவரிலிருந்து சுவருக்குக் கட்டிய செப்பு வலை ஏரியலைவிட வாசல் வேப்பமரத்துக்கு இழுத்த கம்பி நன்றாக எடுக்கும் என்பது ஒன்று. டிரான்சிஸ்டர் வந்தபின், பெட்டியையே திருப்பினால் ஒரு நிலையத்தை அடக்கி மற்றொன்றை மேலே கொண்டுவரலாம் என்பது இன்னொன்று. உள்ளே கிடக்கும் ஃபெரைட் தண்டு தன் முனை நோக்கும் திசையைக் கேளாது. பக்கவாட்டுத் திசைகளை நன்கு கேட்கும். கொழும்பு வேண்டுமானால் பெட்டியின் முகம் வடக்கையோ தெற்கையோ பார்த்திருக்க வேண்டும். இந்த இயற்பியலை அவனுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. தபால் நிலையத்தில் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய வானொலி உரிமப் புத்தகம் இல்லாத வீடுகளில், ஆய்வாளர் தெருமுனையில் தென்பட்டால் பெட்டி எங்கே போக வேண்டும் என்பதையும் அவன் அறிவான். 1980களின் நடுவில் அந்த உரிமமுறை ஒழிந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக அவன் தமிழைக் கற்றான். லகர, ளகர, ழகரங்கள் தனித்தனியே ஒலிக்கும் தமிழ். முழு வாக்கியமாகத் தொடங்கி முழு வாக்கியமாக முடியும் தமிழ். அது கொழும்பிலிருந்து வந்தது, லண்டனிலிருந்து வந்தது; 1963 ஆகஸ்டு முதல் பீக்கிங்கிலிருந்தும் வந்தது. சீனப் போர் முடிந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில் பீக்கிங் வானொலியின் தமிழைச் சத்தமாக வைக்க வீட்டார் அஞ்சினர். எனினும் சீனர்கள் பேசிய அந்தச் செந்தமிழைக் கேட்பதில் இருந்த வியப்பு அச்சத்தை வென்றது. இந்தக் கட்டுரையை எழுதும் எங்களுள் ஒருவர் அப்படிக் கரையிழுத்த பிள்ளை. பின்னாளில் சிறுபத்திரிகைகளைத் தேடி வாசிக்கவும் சந்தி பிழையின்றி எழுதவும் அவருக்கு அடித்தளமிட்ட பள்ளி அதுதான். தறிக்குழியின் அருகே பிள்ளையை உட்கார வைத்த ஏற்பாட்டை இதனால் நாம் நியாயப்படுத்துவதாக எவரும் கொள்ள வேண்டா. அந்தப் பிள்ளைகளுள் பெரும்பாலோர் எழுதவே இல்லை.

நிற்க. இலக்கிய வாசகர்கள் மறவாதிருக்க வேண்டிய பெயர் ஒன்று இவ்விடத்தில் உண்டு: சோ. சிவபாதசுந்தரம். இலங்கை வானொலியிலும் பி.பி.சி.யிலும் பணிபுரிந்த ஈழத்தவர். லண்டனின் தமிழ் நிகழ்ச்சிக்குத் 'தமிழோசை' என்று பெயரிட்டவர் அவரே. 'ஒலிபரப்புக் கலை' என்ற நூலை எழுதினார். சிட்டியோடு சேர்ந்து தமிழ் நாவலின் நூறாண்டு வரலாற்றை எழுதியவரும் அவர்தாம். காதுக்காக எழுதும் தமிழ் எப்படி இருக்கவேண்டும் என்று யோசித்த ஒருவரே தமிழ் உரைநடைப் புனைவின் வரலாற்றையும் எழுதினார் என்பதை நம் திறனாய்வாளர்கள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. பெயரைப் பற்றிய வழக்கும் தமிழில் நெடியது. மைசூரில் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி 1935இல் தொடங்கிய நிலையத்தின் பெயரான 'ஆகாசவாணி' பின்னர் நாட்டுக்கே பொதுவாயிற்று. தமிழ்நாட்டில் மட்டும் 'வானொலி' நிலைத்தது. 2023 மே மாதம் எங்கும் ஆகாசவாணி என்றே சொல்ல வேண்டும் என்ற ஆணை வந்தபோது இங்கே மீண்டும் எதிர்ப்பு எழுந்தது. கைலாசநாதர் கோயில் கல்வெட்டுக்காரர் எந்தக் கட்சியில் நின்றிருப்பார் என்பது ஊகிக்கத்தக்கதே.

கேட்டதைக் குறித்துவைக்கும் பழக்கம் சிலருக்கு 1970களில் தொற்றிற்று. கேட்ட நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்து உலகப் பொது நேரமாக்க வேண்டும். அலைவரிசை, நிகழ்ச்சியின் விவரம், தெளிவுக்கு ஐந்து இலக்க 'சின்போ' மதிப்பெண் ஆகியவற்றை எழுதி நிலையத்துக்கு அனுப்பினால், வண்ணப் படத்தோடு கியூ.எஸ்.எல். அட்டை ஒன்று உறுதிச்சான்றாக வரும். மாஸ்கோவும் பீக்கிங்கும் நாட்காட்டிகளையும் சேர்த்து அனுப்பின. சென்னையின் ஆர்டிக் டி.எக்ஸ். கிளப் பிற்காலத்தில் 'சர்வதேச வானொலி' என்ற இதழையே இதற்காகத் தமிழில் நடத்தியது. 1978 நவம்பர் 23 முதல் நம் பகுதியின் மத்திய அலை நிலையங்கள் எல்லாம் ஒன்பதின் மடங்கான எண்களுக்கு மாறவேண்டும் என்ற பன்னாட்டு உடன்பாடு நடைமுறைக்கு வந்தது. சென்னை 720, திருச்சி 936, திருநெல்வேலி 1197, புதுச்சேரி 1215, புத்தளம் 882, நாகபுரி 1566. எதன் இலக்கங்களைக் கூட்டினாலும் ஒன்பதோ பதினெட்டோ வரும். சரிகைக் கணக்கில் தேர்ந்த எங்கள் பெரியவர் ஒருவர் இதைத் தாமே கண்டுபிடித்து, இதில் ஏதோ கிரக விசேஷம் இருப்பதாகக் கடைசிவரை நம்பினார்.

பாட்டுக்காகத் திருப்பிய முள், செய்திக்காகவும் திரும்ப வேண்டிவந்தது. 1975இல் நெருக்கடி நிலை வந்து உள்நாட்டுச் செய்திகள் தணிக்கைக்கு உட்பட்டபோது, இரவு ஒன்பதேகாலுக்குத் தமிழோசையைக் கேட்பது மெல்லிய குற்ற உணர்வோடு கூடிய கடமையாயிற்று. 1983 ஜூலைக்குப் பிறகு நிலைமை முற்றிலும் மாறியது. கொழும்பு எரிந்தது. அதே கொழும்பின் வானொலியில் பாட்டு நிற்கவில்லை. பெட்டியின் முன் அமர்ந்திருந்தவர்களுக்கு அதைக் கேட்பதா நிறுத்துவதா என்று விளங்கவில்லை. தெருவில் சிலர் கேட்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். சிலர், அறிவிப்பாளரின் குரலில் நடுக்கம் தெரிகிறதா என்று காது கொடுத்தார்கள். பெயர் மட்டும் தெரிந்த, முகம் அறியாத அந்த மனிதர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதை அவர்கள் பேசுகிறார்களா என்பதைக் கொண்டே அறிய வேண்டியிருந்தது. கே. எஸ். ராஜா 1989இல் கொழும்பில் கொல்லப்பட்டார். அந்தச் செய்தி எங்கள் தெருவுக்கு வந்த நாளில் இரு வீடுகளில் தறி ஓடவில்லை. உறவுமுறை எதுவும் இல்லாத ஒருவருக்காகக் காஞ்சிபுரத்து நெசவாளர் தறியை நிறுத்துவது எளிதான காரியமன்று. சேலைக்குக் கூலி, நாளுக்கு இல்லை.

1984 அக்டோபர் 31 காலையில் இந்திரா காந்தி சுடப்பட்டார். அவர் இறந்த செய்தியை அகில இந்திய வானொலி மாலையில்தான் அறிவித்தது; பி.பி.சி. பல மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட்டது. வங்காளத்தில் சுற்றுப்பயணத்தில் இருந்த ராஜீவ் காந்தியே வழியில் டிரான்சிஸ்டரில் பி.பி.சி.யைக் கேட்டுக்கொண்டு வந்தார் என்பர். ஏழாண்டுகள் கழித்து 1991 மே 21 இரவு பத்தரை மணியை ஒட்டி, திருப்பெரும்புதூரில் அவர் கொல்லப்பட்டார். காஞ்சிபுரத்திலிருந்து திருப்பெரும்புதூர் நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவு. அன்றிரவு தெருக்கோடியில் ஏதோ கலவரம் என்ற பேச்சு எழுந்தது. என்னவென்று எவருக்கும் தெரியவில்லை. தமிழோசை அதற்கு முன்பே முடிந்திருந்தது. நள்ளிரவு தாண்டி, லண்டனின் ஆங்கிலச் செய்தியில், தேய்ந்து தேய்ந்து வந்த குரலில், 'மெட்ராஸ்', 'ஸ்ரீபெரும்புதூர்' என்ற இரு சொற்களைப் பிடித்தோம். அண்டை ஊரில் நடந்தது கடல்கள் கடந்து லண்டனுக்குப் போய், வானேறி, எங்கள் செப்புக் கம்பிக்கு வந்து சேர்ந்தது. அந்த இரவில் பெட்டியைச் சுற்றி நின்றவர்களுள் ஒருவரும் பேசவில்லை. விடிந்தபின் கடைகள் திறக்கவில்லை, பல நாள் பேருந்து ஓடவில்லை.

அதற்குப் பின் நிகழ்ந்தவை விரைவாகச் சொல்லத்தக்கவை. தொலைக்காட்சி வந்தது, பண்பலை வந்தது. 1988 முதல் இரவு முழுவதும் நாகபுரியின் 1000 கிலோவாட் பரப்பியிலிருந்து ஒலித்த அகில இந்திய வானொலியின் தேசிய அலைவரிசை 2018 இறுதியில் மூடப்பட ஆணையாயிற்று. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30இல் முடிந்தது. பிலிப்பைன்சிலிருந்து வந்த வேரித்தாஸ் தமிழ்ப்பணி 2018 ஜூன் இறுதியில் சிற்றலையை விட்டது. கோர்வைக்குப் பிள்ளைகள் உட்காருவதும் பெரிதும் குறைந்துவிட்டது, அது நல்லதே. தறிகளும் குறைந்தன, அதை நல்லது என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

ஒலிபரப்பியவர்களின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டுள்ளது. கேட்டவர்களின் வரலாறு தகர டிரங்குப் பெட்டிகளில் கிடக்கிறது: குறிப்பேடுகள், அட்டைகள், விடை வராத கடிதங்களின் படிகள். பிள்ளையார்பாளையத்தில் சென்ற ஆண்டு ஒரு வீட்டைக் காலி செய்தபோது அப்படி ஒரு குறிப்பேடு எங்கள் கைக்கு வந்தது. நெய்யக் கொடுத்த பட்டின் எடையும் சரிகையின் எடையும் இடப்பக்கம். வலப்பக்கம் தேதி, மணி, அலைவரிசை. 1983 ஜூலை கடைசி வாரத்தில் வலப்பக்கம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. ஆகஸ்டு நடுவில் 'சிலோன். பேசினார்' என்று ஓரே வரி. எவர் பேசினார் என்று எழுதவில்லை.

அந்த வீட்டில் பழைய பெட்டி ஒன்றும் இருந்தது. இன்று எந்தத் தெருவிலும் எல்.இ.டி. விளக்குகளும் கைபேசி மின்னேற்றிகளும் எழுப்பும் இரைச்சலில் மத்திய அலை மூழ்கிவிடுகிறது. அந்தப் பெட்டியிலும் வண்டின் ரீங்காரம் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் இரவு மின்சாரம் போயிற்று. தெரு முழுவதும் இருண்டதும் ரீங்காரம் சட்டென்று அடங்கிற்று. உள்ளே பேட்டரி இருந்ததால் பெட்டி தொடர்ந்து உயிரோடு இருந்தது. முள்ளை மெல்ல நகர்த்தினோம். எங்கோ ஓர் ஆண் குரல், நமக்குத் தெரியாத மொழியில், நிதானமாக எதையோ வாசித்துக்கொண்டிருந்தது. பெட்டியைத் தெற்கு நோக்கித் திருப்பினோம், குரல் வளர்ந்தது. நிலையத்தின் பெயர் சொல்லும்வரை காத்திருப்போம் என்று நால்வரும் குனிந்து அமர்ந்தோம். பெயர் சொல்லுமுன் மின்சாரம் வந்துவிட்டது.